யாருக்காகப் பறக்கிறது என்று சொல்லிவிடுங்கள்

அகமதாபாத்தில் உள்ள இன்-ஸ்பேஸ் தலைமைக்கு,

வணக்கம். கடலூரில் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். என்னிடம் படித்த தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் இப்போது தனியார் ராக்கெட் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், "சார், நாங்க செய்யுற இன்ஜின் செயற்கைக்கோளுக்கு மட்டும்தானா, வேற எதுக்காவது போகுதான்னு கேட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டேங்குறாங்க" என்றான். தனியார் ராக்கெட் ஏவுதலுக்கு அனுமதி தரும் மத்திய அரசு அமைப்பு நீங்கள்தான். அதனால் உங்களிடமே கேட்கிறேன்.

ராக்கெட்டும் ஏவுகணையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1980-இல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்துபோன எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் நிலை மோட்டார்தான் 1989-இல் அக்னி ஏவுகணைக்கும் அடியில் இருந்தது. அதில் ஒளிவுமறைவு இல்லை, எல்லாருக்கும் தெரியும். தனியார் கைக்கு வரும்போதுதான் விஷயம் மங்கலாகிறது. ஸ்பேஸ்எக்ஸின் முதல் ராக்கெட்டான ஃபால்கன் 1, 2006-இல் முதன்முறை கிளம்பியபோது அதில் இருந்தது அமெரிக்க விமானப்படை அகாடமியின் செயற்கைக்கோள். செலவில் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பாவின் பணமும் உண்டு. அதே நிறுவனம் 2021-இல் உளவு செயற்கைக்கோள்களுக்காக 180 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டதை ராய்ட்டர்ஸ் வெளியே கொண்டுவந்தது 2024-இல். மூன்று வருடம் அந்நாட்டு மக்களுக்கே தெரியாது.

நம் நாட்டிலும் 2022 அக்டோபரில் 'மிஷன் டெஃப்ஸ்பேஸ்' என்று ராணுவத் தேவைகளைத் தனியார் முன் வைத்தார்கள். 2024-இல் 52 கண்காணிப்பு செயற்கைக்கோள்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. அதில் 31 தனியார் செய்யப்போவது. சரி, செய்யட்டும். நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்பவன் நான் இல்லை. ஆனால் எந்த ராக்கெட் எந்தக் கணக்கில் பறக்கிறது என்பது வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் புரிய வேண்டாமா?

இது வெறும் ஆர்வக் கேள்வி அல்ல. உக்ரைன் போரில் தனியார் செயற்கைக்கோள்கள் பயன்பட்டபோது, அவை பதிலடிக்கு உரிய இலக்காகலாம் என்று ரஷ்ய அதிகாரி ஒருவர் 2022-இல் ஐ.நா.விலேயே சொன்னார். போர் வேலை செய்யும் பொருளுக்கு ஆபத்தும் கூடவே வரும். அந்த ஆபத்தில் பங்கு இருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்: இன்ஜின் செய்யும் பையனுக்கும், குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்குப் பக்கத்தில் வலை வீசுகிறவருக்கும்.

2019 டிசம்பரில் புதுச்சேரி வம்பாகீரப்பாளையம் மீனவர்களிடம் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார் ஒன்று சிக்கியது. கரைக்கு இழுத்து வந்து பார்த்தால் மேலே எண்ணும் தேதியும். இஸ்ரோவுடையது என்று அதை வைத்தே தெரிந்துபோனது. நாளைக்குத் தனியார் ராக்கெட்டின் துண்டு சிக்கினால், யாருடையது, எதற்காகப் போனது என்று யாரிடம் கேட்பார்கள்?

ரகசியத்தைக் கேட்கவில்லை. அதைக் காக்கத்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் 8-ஆம் பிரிவு இருக்கிறதே. நான் கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு தனியார் அனுமதியோடும், இதில் பாதுகாப்புத் துறையின் பணமோ பயன்பாடோ உண்டா இல்லையா என்று ஒரு வரி வெளியிடுங்கள். நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும்போதே அதைப் பிள்ளைகளிடம் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று அனுமதியில் நிபந்தனை வையுங்கள். மீன்வளத் துறைக்குப் போகும் ஏவுதல் எச்சரிக்கையிலும் அந்த வரி தமிழில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
கடலூர்