உன் ஊர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

"நானே போலீஸ், என்னை அடிக்கிற அவரும் போலீஸ், நான் எங்கேம்மா போய் எழுதிக் கொடுக்கிறது?" என்று கேட்டாய். உன் ஊர் மகளிர் ஸ்டேஷனில் கொடுக்காதே. அங்கே ரைட்டராக, அதாவது ஸ்டேஷன் எழுத்தராக, இருப்பவர் மாப்பிள்ளையோடு பந்தோபஸ்து பார்த்தவராக இருப்பார். நீ மனுவை நீட்டிய அரை மணியில் மாப்பிள்ளைக்குப் போன் போய்விடும். பிறகு வழக்குப் பதியாமல், மனு வந்ததற்கான ரசீதான சிஎஸ்ஆர் மட்டும் போட்டு, இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி, சமாதானமாகப் போகிறோம் என்று எழுதி வாங்குவார்கள். நாளைக்குக் கோர்ட்டில் அந்தத் தாளைத்தான் உனக்கு எதிராக நீட்டுவார்கள்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஸ்டேஷன் படி ஏறாமலே வழி இருக்கிறது. 12ஆம் பிரிவில் நேராக மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். 27ஆம் பிரிவின்படி, நீ தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் கோர்ட்டே போதும். அதனால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இங்கே வா. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் சம்பவ அறிக்கை எழுதுவார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, அரசுச் சம்பளம் வாங்குகிறாய் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வழக்கு இழுக்கும். ஆகவே மனுவோடு சேர்த்தே 23ஆம் பிரிவில் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கேள். அதை மீறினால் 1 வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். குவார்ட்டர்ஸ் அவர் பெயரில் இருக்கிறது. அவருக்கு டிரான்ஸ்பர் வந்தால் உனக்கும் அந்த வீடு இல்லை. அங்கேயே இருப்பேன் என்று மட்டும் கேட்காமல், 19ஆம் பிரிவில் மாற்று வீடோ வாடகையோ கேள்.

கிரிமினல் புகார் என்றால், கணவன் செய்யும் கொடுமைக்கான பழைய 498ஏ, இப்போது புதுக் குற்றவியல் சட்டமான நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு. அடைக்கலம் புகுந்த தாய்வீட்டு ஊரிலேயே அந்த வழக்கை நடத்தலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடிபட்டால் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. "கதவில் இடிச்சுக்கிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிடாதே, என் தங்கமே. காக்கி போட்டவளுக்கு இதைச் சொல்ல எவ்வளவு கூச்சம் என்று எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் நீ சொல்வதைத்தான் ஏஆர் என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார், அது மாறாது. யார், எதனால், எத்தனை மணிக்கு என்று சொல்லி, காப்பியும் வாங்கிக்கொள். அவர் அனுப்பிய மெசேஜ், ஆடியோ எதையும் அழிக்காதே. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது; அந்தப் போனும் வேண்டும், மின்னணு ஆதாரத்துக்குப் புதுச் சாட்சியச் சட்டம் கேட்கும் 63ஆம் பிரிவுச் சான்றும் வேண்டும்.

கோபத்தில் கை ஓங்கிவிடாதே. அவர் கொடுக்கும் எதிர்ப் புகாரில் நீ 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் சஸ்பென்ஷன்தான். அவர் இதைச் சொல்லித்தான் உன்னை மிரட்டுவார்.

டூட்டித் துப்பாக்கியை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவதை எஸ்பிக்குத் தனியாக, ஸ்பீட் போஸ்ட்டில் எழுது. தபால் ரசீதை என்னிடம் கொடுத்துவை. சிம் அவர் பெயரில் இருந்தால் கிளம்பும் முன் உன் பெயரில் புது நம்பர் வாங்கு. உன் வாட்ஸ்அப் வேறு எந்தக் கருவியில் இணைந்திருக்கிறது என்றும் பார்.

கல்யாணப் பதிவுச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, உன் 6 மாதச் சம்பளச் சீட்டு, ஆதார், நகை ரசீதுகள்: எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு ஞாயிற்றுக்கிழமை வரும் அப்பாவிடம் கொடுத்தனுப்பு.

அம்மா