எடை மெஷினை ஹால் வாசலிலிருந்து எடுத்துவிடுங்கள்: எங்கள் பங்கின் அன்பியங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஃபாதருக்கும், பங்குப்பேரவைக்கும், தெருத்தெருவாகக் கூடி ஜெபிக்கிற அன்பியக் குழுக்களை நடத்துகிற அக்காமார், மாமிமாருக்கும்,

எழுதுவது யார் என்று தேட வேண்டாம். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், பூசைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிற பிள்ளைகளில் ஒருத்தி. போன தவக்காலத்தில் நடத்திய எடை குறைப்புப் போட்டி இந்த வருஷமும் உண்டு என்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசித்தீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தீர்கள். நம் தெருவில் சர்க்கரை மாத்திரை போடாத வீடு எது, சொல்லுங்கள். நடக்கச் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் ஹால் வாசலில் மெஷினை வைத்து, ஞாயிறுதோறும் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ஒரு அக்கா நோட்டில் எழுத இன்னொரு அக்கா அதை மைக்கில் வாசிக்க, அதிகம் குறைந்தவருக்கு ஈஸ்டர் அன்று பிரஷர் குக்கர் பரிசு என்றீர்களே, அதில்தான் எனக்குச் சிக்கல். (சாப்பாட்டைக் குறைத்தவருக்குச் சமைக்கிற பாத்திரம் பரிசு. இதில் உள்ள தமாஷை யாருமே கவனிக்கவில்லை.)

அந்த வரிசையில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் ஏறி இறங்கிய மாமியின் கால் ஈரம் கறுப்புக் கண்ணாடியில் ஐந்து விரலோடு அப்படியே பதிந்திருந்தது, அது காய்வதற்குள் நான் ஏற வேண்டும். தலைவலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏறவே இல்லை, எண்ணைப் பார்க்கவும் இல்லை, ஆனாலும் அடுத்த ஒன்பது நாள் என் சாப்பாடு என் கையில் இல்லை.

எனக்கு இருப்பது அனோரெக்சியா. சாப்பாடு, எடை, உருவம் இந்த மூன்றையும் சுற்றியே மனசு மாட்டிக்கொள்கிற நோய். மூன்று வருஷமாகத் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறிப் போய் வைத்தியம் பார்க்கிறேன், தேறிக்கொண்டிருக்கிறேன். என் எடை அப்போது என்ன, இப்போது என்ன என்று எதையும் இங்கே எழுதமாட்டேன். என்னைப்போல ஒருத்தி இதைப் படித்தால் மற்றதெல்லாம் மறந்துபோய் அந்த எண் மட்டும்தான் அவள் மனசில் ஒட்டும். 2025 மார்ச்சில், கண்ணூர்ப் பக்கம் இணையத்தில் பார்த்த பட்டினி முறையைக் கடைப்பிடித்த ஒரு கல்லூரிப் பெண் இறந்துபோனாள் என்று செய்தி வந்தபோது, நம் ஆட்கள் எத்தனை பேர் அந்தப் பிள்ளையின் எடையையும் சேர்த்து எனக்கு அனுப்பினீர்கள் தெரியுமா? பயந்து திருந்துவேன் என்று அனுப்பியிருப்பீர்கள். என் மண்டைக்குள் இருக்கிறவனோ அதை ஒரு சாதனைப் பட்டியல் மாதிரி வாசித்தான்.

அவனுக்கு நான் வைத்த பெயர் கணக்கப்பிள்ளை. மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்குதான்) மீன்கறியும் தட்டில் விழுந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவான். இது எத்தனை துண்டு, காலையில் என்ன தின்றாய், மாலையில் எதை விடப் போகிறாய், எத்தனை தூரம் நடந்தால் இது கழியும். பூசையில் நற்செய்தி வாசிக்கும்போதும் இதே கணக்குத்தான். பந்தியில் பப்படத்தை நொறுக்கிப் பழத்தோடு பாயசத்தில் பிசைகிற நேரத்தில் அவன் சத்தத்துக்கு முன்னால் நாதஸ்வரமெல்லாம் ஒன்றுமே இல்லை. யாராவது அன்பாக “பிள்ளைக்கு இப்ப முகம் தெளிஞ்சிருக்கு” என்றால், அவன் அதைத் ‘தடிச்சுட்டே’ என்று மாற்றித்தான் என்னிடம் கொடுப்பான்.

இது கொழுப்பெடுத்த பிள்ளைகளின் பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. 1942-இல் பர்மா ஜப்பான்காரன் கையில் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோய், திருவிதாங்கூரில் ஏழை பாழை எல்லாரும் மரச்சீனியைத் தின்று உயிர் பிடித்தார்கள். “அப்ப நாலு பேர் கூடினா சோத்தைப் பத்திதான் மக்களே பேச்சு, கனவிலயும் சோறுதான்” என்று எங்கள் பாட்டி சொல்வார். அதே போர்க்காலத்தில், 1944 கடைசியில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் நல்ல ஆரோக்கியமான 36 ஆண்களை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். பட்டினியால் வாடியவர்களை மீட்பது எப்படி என்று அறிவதற்காக, அந்த ஆண்கள் சம்மதித்து 24 வாரம் அரைவயிற்றோடு இருந்தார்கள். அவர்களும் பாட்டி சொன்ன மாதிரியே ஆனார்கள். சமையல் புத்தகம் சேர்த்தார்கள், சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், வேறு எதிலும் மனசு நிற்கவில்லை. மறுபடி சாப்பிடத் தொடங்கிய பிறகும் பல மாதம் அந்த நினைப்பு போகவில்லை. அவர்களில் யாருக்கும் எடை குறைக்கும் ஆசை கிடையாது. வயிறு காய்ந்தால் மனசு இப்படித்தான் சுற்றும். அதனால்தான் எங்கள் டாக்டர் முதலில் தத்துவம் எதுவும் பேசாமல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட போனில் அலாரம் வைக்கச் சொன்னார்.

கணக்கப்பிள்ளையோடு வாதம் பண்ணிப் பார்த்தேன். ஒரு வருஷம் போனதுதான் மிச்சம், வக்கீல் மாதிரி அவனிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. ‘நினைக்காதே, நினைக்காதே’ என்று விரட்டியும் பார்த்தேன், அது இன்னும் மோசம். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று ஆட்களிடம் சொல்லி, அவர்களுக்கு அது திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவதை டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இலேயே காட்டிவிட்டார். எனக்கு உதவியது டாக்டரம்மா மலையாளத்தில் சொன்ன ஒரு வார்த்தை, ‘சாரமில்ல’. பரவாயில்லை என்று அர்த்தம், இந்தப் பக்கம் நாமும் சொல்வதுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது பாறசாலை தாண்டுகையில் தோன்றியது, தமிழில் கேட்டால் அதற்குச் சத்தில்லாதது, சக்கை என்றல்லவா வருகிறது! இப்போது அவன் ஆரம்பித்ததும் இரண்டு அர்த்தத்திலும் சொல்லிக்கொள்கிறேன். சரி, நீ பேசு, அதில் சாரமில்ல, நான் அடுத்த வாய் எடுக்கிறேன். அவன் பேசிக்கொண்டேதான் இருப்பான், கை நிற்காமல் இருந்தால் போதும்.

சாப்பிட்டு முடித்த அரைமணி நேரம்தான் கஷ்டம். தேங்காப்பட்டணத்து அலை மாதிரி ஏறும், இதோ மூழ்கினேன் என்று தோன்றும், அப்புறம் தானாகவே இறங்கும். இறங்கும் என்பதை நம்பவே எனக்கு மாதக்கணக்கானது. அந்த நேரத்தில் அம்மா முறத்தில் பயற்றங்காயைக் கொட்டி என் முன்னால் வைப்பார், இரண்டு பேரும் நறுக்குவோம், சாப்பாட்டுப் பேச்சு கிடையாது, பக்கத்து வீட்டு மைனியின் ரேஷன் கார்டு சண்டை மாதிரி ஏதாவது ஓடும். எல்லா நாளும் ஜெயிக்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். தோற்ற நாளில் அடுத்த அலாரத்துக்குச் சாப்பிட உட்காருவதோடு சரி, விட்டதற்கு ஈடுகட்டும் வேலை எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும்போதுகூட மெஷினுக்கு முதுகு காட்டித்தான் நிற்பேன். எண் டாக்டருக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது நோன்பு. ஃபாதர், இது உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனால் பீடத்தில் நின்று நீங்கள் சொன்னால் மாமிமார் கேட்பார்கள். திருச்சபைச் சட்டப்படி நோன்பு கட்டாயமான நாள்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான், அதுவும் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு. நோயாளிகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. என் நோய் வெளியே தெரியாது என்பதால் விலக்கு கேட்கிறபோதெல்லாம் “உனக்கென்ன கேடு?” என்ற கேள்வி வருகிறது. சியன்னாவின் புனித கத்தரீனம்மாள் ஒன்றும் சாப்பிடாமல் இருந்ததைப் பக்தி என்று வகுப்பில் படித்தோம். கூட இருந்தவர்கள் சாப்பிடச் சொல்லி அவரிடம் மன்றாடியதையும், 1380-இல் 33 வயதிலேயே அவர் இறந்துபோனதையும் யாரும் நிறுத்திச் சொல்லவில்லை. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம் ‘யார் அதிகம் சாப்பாட்டை விட்டு ஒறுத்தீர்கள்’ என்று கைதூக்கச் சொல்வதை விட்டுவிடுங்கள். ஜிம் மோகத்தில் இருக்கிற பையன்களும் அந்த வகுப்பில்தான் இருக்கிறார்கள், இது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற நோயல்ல.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. மெஷினை உள் அறையில் வையுங்கள், பார்க்க விரும்புகிறவர் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கட்டும். மைக்கில் எண் வேண்டாம். நடைப்போட்டி வையுங்கள், அதிகம் வியர்த்தவருக்குக்கூட குக்கரைக் கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. (உண்மையைச் சொன்னால் நடையிலும் கணக்கப்பிள்ளை புகுந்துவிடுவான், அதனால் நான் சேரமாட்டேன்.) அப்புறம் அறிவிப்புப் பலகையில் 14416 என்று எழுதிப் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

பெரிய வெள்ளியன்று ஹாலில் கஞ்சியும் பயறும் ஊற்றுவீர்கள். அன்று மதியம் எனக்கு அலாரம் ஒரு மணிக்கு. எனக்கும் ஒரு கிண்ணம் வேண்டும், பப்படத்தோடு. அகப்பையைப் பிடித்துக்கொண்டு ‘போதுமா, இன்னும் கொஞ்சமா’ என்று என் முகத்தைப் பார்க்காமல் ஊற்றி வைத்துவிடுங்கள் மாமி, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பின்வரிசைப் பிள்ளை