அந்தத் தேன்நிறக் கைப்பிடியைத் தனியே வை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாத்தாவின் மடக்குச் சவரக் கத்திகளை ஒன்று விடாமல் துடைத்து, மூடி இறுகப் பொருந்தும் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாய். உன் அக்கறையைப் பார்க்க மனம் நிறைகிறது. ஆனாலும் இந்தக் கடிதத்தை இங்கேயே நிறுத்திவிட்டு, எழுந்து போய் அந்தப் பெட்டியைத் திற. ஆமையோடு போலத் திட்டுத்திட்டாகத் தெரியும் தேன்நிறக் கைப்பிடி கொண்ட கத்தியை எடுத்து, மற்றவற்றிலிருந்து விலக்கி, காற்றாடும் நிழலில் வை. காரணத்தை அப்புறம் படிக்கலாம்.

அது ஆமையோடு இல்லையம்மா, செல்லுலாய்டு. பஞ்சின் நாரை அமிலக் கலவையில் ஊறவைத்தால் செல்லுலோஸ் நைட்ரேட் கிடைக்கும். அதோடு கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்தால் வளையக்கூடிய, வெப்பத்தில் வடிவம் கொள்ளும் பொருளாக மாறும். இதன் முன்னோடியை ஆங்கிலேயர் அலெக்சாண்டர் பார்க்ஸ் 1862-இல் லண்டன் கண்காட்சியில் வைத்தார். தந்தத்தால் ஆன பில்லியர்ட் பந்துக்கு மாற்றுத் தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயட், சில ஆண்டுகளுக்குள் இதைப் பெருந்தொழிலாக்கினார். கத்தி செய்கிறவர்கள் இதை விடுவார்களா? தந்தம், கொம்பு, ஆமையோடு, முத்துச்சிப்பி என்று எதன் சாயலையும் இதில் கொண்டுவர முடிந்தது. ஜெர்மனியின் சோலிங்கனிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் அடித்த அருமையான அலகுகள் பலவற்றுக்கு இந்தக் கைப்பிடிதான் பூட்டப்பட்டது.

அழகான பொருள்தான். ஆனால் அதன் அழிவு அதற்குள்ளேயே இருக்கிறது. திறந்து வைத்த கற்பூரம் தானாகக் கரைந்து குறைவதைப் பார்த்திருப்பாய். கைப்பிடிக்குள் இருக்கும் கற்பூரமும் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. அது போகப் போகக் கைப்பிடி சுருங்கும், நெளியும், நொறுங்கும் பதத்துக்கு வரும். இன்னொரு பக்கம், நைட்ரேட் பகுதி சிதைந்து நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களை விடுகிறது. அவை காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். அந்த அமிலம் எஞ்சியிருக்கும் செல்லுலாய்டையும் அரிக்கிறது. அரித்த இடத்திலிருந்து மேலும் வாயு வருகிறது. ஒருமுறை தொடங்கினால் தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும் கேடு இது. வெயிலும் வெப்பமும் ஈரமும் அதை முடுக்கிவிடும். இறுக மூடிய பெட்டி அதைவிட மோசம்: வெளியேற வழியில்லாத வாயு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சவரக் கத்தியின் அலகு கார்பன் எஃகு. சும்மாவே துருப்பிடிக்கும் அதை, அமில ஆவி விடுமா? உன் இரண்டாவது படத்தை மறுபடி பார். கத்தியை மடக்கினால் கைப்பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் பழுப்புத் துரு படர்ந்திருக்கிறது. வெளியே நிற்கும் வால்பகுதி பளபளப்பாகவே இருக்கிறது. தண்ணீர் பட்டு வந்த துருவாக இருந்தால் இப்படி இடம் பார்த்துப் பிடிக்காது. கைப்பிடி எங்கே கெட்டிருக்கிறதோ, அதற்கு நேர் எதிரேதான் எஃகும் கெட்டிருக்கிறது. அலகையும் கைப்பிடியையும் இணைக்கும் ஆணியான பித்தளை ரிவெட்டைச் சுற்றியும் பச்சை பூத்திருக்கிறது. எனக்குச் சந்தேகமே இல்லை. நான் அஞ்சுவது பக்கத்தில் கிடக்கும் கத்திகளை நினைத்துத்தான். கொம்புக் கைப்பிடியோ மரக் கைப்பிடியோ, தம்மளவில் எந்தக் குறையும் இல்லாதவைகூட, இதனோடு ஒரே பெட்டியில் கிடந்தால் துருப்பிடிக்கும்.

அதற்காகச் செல்லுலாய்டு எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடாதே. தாத்தா அதிகம் பயன்படுத்திய, தந்தம் போன்ற வெள்ளைக் கைப்பிடியும் செல்லுலாய்டுதான். அது இன்னும் திடமாக இருக்கிறது. ஒளி ஊடுருவாத வெள்ளை நிறத்துக்காகச் சேர்க்கப்பட்ட துத்தநாக ஆக்ஸைடு, அமிலத்தையும் கொஞ்சம் முறித்துக்கொண்டே வரும். ஒளி ஊடுருவும் ஆமையோட்டுச் சாயல்களுக்கு அந்தக் காவல் இல்லை. அவைதான் பெரும்பாலும் முதலில் கெடுகின்றன. வெள்ளைக் கைப்பிடியை அவ்வப்போது முகர்ந்து பார். லேசான கற்பூர வாசனை வந்தால் கவலையில்லை. மூக்கை உறுத்தும் காரமான நெடி, மேற்பரப்பில் பிசுபிசுப்பு, உள்ளுக்குள் கட்டம் கட்டமாக ஓடும் விரிசல், இவற்றில் எது தெரிந்தாலும் அதையும் தனியே எடுத்துவிடு.

சூடான ஊசியால் குத்திப் பார்த்து இது செல்லுலாய்டுதானா என்று சோதிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதை மட்டும் செய்யவே செய்யாதே. தீப்பற்றி எத்தனையோ திரையரங்குகளை எரித்த பழைய திரைப்படச் சுருளும் இதே செல்லுலோஸ் நைட்ரேட்தான். அந்த ஆபத்துக்காகவே 1950களின் தொடக்கத்தில் அந்தச் சுருளைத் தயாரிப்பதை நிறுத்தினார்கள். சிதைந்துகொண்டிருக்கும் செல்லுலாய்டு இன்னும் எளிதாகத் தீப்பிடிக்கும்.

பழைய கத்தி என்றால் அதன் மூலக் கைப்பிடியை மாற்றக் கூடாது என்று சேகரிப்பாளர்கள் பலர் சொல்வார்கள். நல்ல நிலையில் இருக்கும் கைப்பிடியைப் பொறுத்தவரை நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் சிதையத் தொடங்கியதை மீட்க வழியே இல்லை. எண்ணெய் தடவினாலும் பசை ஊற்றினாலும் வார்னிஷ் பூசினாலும் உள்ளே நடப்பது நிற்காது. எஃகு அப்படியல்ல, கைப்பிடியை விலக்கினால் அது இன்னும் தலைமுறைகளுக்கு நிற்கும். தாத்தா தோல்வாரில் இழுத்து இழுத்துப் பதம் வைத்தது அந்த அலகை. என் மனம் அலகின் பக்கமே சாய்கிறது.

அதனால் அந்தத் தேன்நிறக் கைப்பிடியைக் கழற்றிவிடு. கழற்றும் முன் அதன் வெளிக்கோட்டைக் காகிதத்தில் வரைந்துகொள். தடிமனையும் ரிவெட் துளைகளின் இடத்தையும் குறித்துவை. துளை சிறிது விலகினாலும் மடக்கும்போது கூர்முனை கைப்பிடியில் இடிக்கும். ரிவெட்டின் தலையைக் கை அரத்தால் மெதுவாக ராவு. மின்சாரக் கருவி வேண்டாம். சூடும் பொறியும் இந்தப் பொருளுக்கு அருகிலேயே வரக் கூடாது. அலகைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, உடனே கனிம எண்ணெய் பூசு. புதுக் கைப்பிடியைக் கொம்பிலோ மரத்திலோ நானே செய்து தருகிறேன். மற்ற கத்திகளையும் எண்ணெய் தடவி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில், மூடியில்லாத தட்டில் இடைவெளி விட்டு வை.

துருவைச் சுரண்ட வேண்டாம். அலகை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, கறுப்புப் புள்ளிகள் கூரான விளிம்பு வரை வந்திருக்கின்றனவா என்று மட்டும் சொல். மேலோட்டமானவை என்றால் தீட்டுக்கல்லில் போய்விடும். விளிம்பைத் துளைத்திருந்தால் அவ்வளவு எஃகையும் தேய்த்தாக வேண்டும், அதற்கு அலகில் அகலம் மிச்சமிருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. எந்தக் கல்லில் தொடங்குவது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா