பேட்ச் அனுப்புவது வேறு, அது ஒட்டுவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழ் நாளிதழ்களில் வரும் கட்டுரைகளில் "இதன் நிரலை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்" என்ற வரியை அடிக்கடி பார்க்க முடிகிறது. தன் கணினியில் இறக்கிக்கொண்ட பிரதியை யாரும் மாற்றலாம், அதில் தகராறு இல்லை. ஆனால் லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் மூலப் பிரதிக்குள் ஒரே ஒரு எழுத்து நுழைய வேண்டுமென்றாலும், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளர் படித்துப் பார்த்து, தன் பிரதியில் ஒட்டியாக வேண்டும். விக்கிப்பீடியாவில் "தொகு" பொத்தானை அழுத்துவது போன்றதல்ல இது. "யாரும் மாற்றி அனுப்பலாம்" என்று அச்சிட்டால் சரியாகிவிடும். அந்த ஒட்டும் வேலையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முதல் பேட்ச் அனுப்பும் மாணவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. (கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துதான்.)

பேட்ச் என்பது திருத்திய கோப்பு அல்ல. பழைய கோப்புக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. அதில் ஒவ்வொரு துண்டின் தலையிலும் @@ -40,6 +40,7 @@ என்பது போல ஒரு வரி இருக்கும். பழைய கோப்பில் 40ஆம் வரி தொடங்கி 6 வரிகள், புதியதில் அதே இடத்தில் 7 வரிகள் என்று பொருள். மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி மாறாமல் நிற்க, நடுவில் ஒரு வரி கூடியிருக்கிறது. சேர்த்த வரியின் முன்னால் கூட்டல் குறி, நீக்கிய வரியின் முன்னால் கழித்தல் குறி, மாறாத வரியின் முன்னால் ஓர் இடைவெளி. வீட்டு எண் மாறிப்போனாலும் அக்கம்பக்கத்தாரை வைத்து வீட்டைக் கண்டுபிடிப்பதைப் போல, 40ஆம் வரி இப்போது 52ஆம் வரிக்கு நகர்ந்திருந்தாலும் அந்த ஆறு வரிகளை அடையாளம் வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இதைச் செய்யும் பேட்ச் என்ற நிரலை 1985இல் எழுதியவர் லாரி வால். பெர்ல் மொழியை உருவாக்கியவரும் அவரே. 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியை எழுதத் தொடங்கியபோது, ஒரு பேட்ச்சை ஒட்ட மூன்று வினாடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று. ஒட்டுவது அவருக்கு அத்தனை அன்றாட வேலை.

லாரி வாலின் பழைய நிரலும் கிட்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பழைய நிரல் கொஞ்சம் தாராளம். அக்கம்பக்கத்து வரிகள் முழுதும் பொருந்தாவிட்டால் ஓரத்து வரிகளை விட்டுவிட்டு மறுபடி தேடும். நாம் கேட்காமலே இரண்டு வரி வரைக்கும் அப்படி விட்டுக்கொடுக்கும். பொருந்தாத துண்டை மட்டும் தனிக் கோப்பில் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை ஒட்டிவிட்டுப் போய்விடும். 'கிட் அப்ளை' கறார். வரி எண் நகர்ந்திருக்கலாம், ஆனால் அக்கம்பக்கத்து வரிகள் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பத்துத் துண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் எதையும் தொடாது. பாதி ஒட்டிய கோப்பைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. முன்கூட்டிச் சோதிக்க 'கிட் அப்ளை --செக்' போதும். பழைய நிரலைப் பயன்படுத்துவோர் '-பி1' (ஆங்கிலத்தில் p) சேர்க்க மறக்கக் கூடாது. கிட் உருவாக்கும் பேட்ச்சில் கோப்புப் பாதைகளுக்கு முன்னால் பழையதற்கு 'ஏ/', புதியதற்கு 'பி/' என்று ஒட்டியிருக்கும். அந்த முதல் படியை வெட்டிவிட்டுத் தேடச் சொல்வதுதான் அந்த 1.

ஒட்டாத பேட்ச்சாவது கண்ணுக்குத் தெரியும். தவறான இடத்தில் ஒட்டிய பேட்ச்தான் ஆபத்து. ஒரு சாதன இயக்கியின் கோப்பில் ஒரே அச்சில் வார்த்த நான்கு செயற்கூறுகள் அடுத்தடுத்து இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கும் ஒரே மாதிரி முடிகின்றன: பூட்டைத் திறக்கும் வரி, பிழை எண்ணைத் திருப்பும் வரி, மூடும் அடைப்பு. இரண்டாவது செயற்கூறில் ஒரு வரி சேர்க்கும் பேட்ச் வருகிறது. இடையில் வேறொருவர் கோப்பின் மேல்பகுதியில் 60 வரிகளைச் சேர்த்திருந்தால், பழைய வரி எண்ணுக்கு அருகில் இப்போது நிற்பது முதல் செயற்கூறின் முடிவாக இருக்கலாம். அங்கேயும் அதே ஆறு வரிகள். கிட் அங்கேயே ஒட்டிவிடும். பிழைச் செய்தி வராது. நிரல் தொகுக்கும்போதும் புகார் எழாது. பழைய நிரலாவது இத்தனை வரி தள்ளி ஒட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லும். கிட்டை 'வெர்போஸ்' என்று கேட்டால்தான் சொல்லும். ஒரே மாதிரியான வரிகள் நிறைந்த கோப்பில் கைவைப்பவர்கள் மூன்று வரி அக்கம்பக்கத்தோடு நிறுத்தாமல் '-யு10' கொடுத்துப் பத்து வரியாக்கி அனுப்புவது நல்லது. செயற்கூறு முழுவதும் தெரியும்படி அனுப்பவும் வழி இருக்கிறது, '-டபிள்யூ' (இரண்டிலும் ஆங்கிலப் பெரிய எழுத்து).

லினக்ஸ் கெர்னலிலும் கிட் திட்டத்திலும் பேட்ச் இன்றைக்கும் மின்னஞ்சலில்தான் போகிறது. 'கிட் ஃபார்மட்-பேட்ச்' ஒவ்வொரு கமிட்டையும் (கிட்டில் பதிந்த ஒரு மாற்றம்) ஒரு கடிதமாக எழுதித் தரும், 'கிட் சென்ட்-ஈமெயில்' அனுப்பும், அந்தப் பக்கத்தில் 'கிட் ஏஎம்' வாங்கி ஒட்டும். ஏஎம் என்றால் காலை நேரமல்ல, அஞ்சல்பெட்டியிலிருந்து ஒட்டு என்பதன் சுருக்கம். கடிதத்தின் தலைப்பு கமிட்டின் தலைப்பாகிறது. அதன் முன்னால் சதுர அடைப்புக்குள் இருக்கும் "பேட்ச் வி2 3/7" போன்றவை தாமாக உதிர்ந்துவிடும். விளக்கத்தின் முடிவில் மூன்று சிறு கோடுகள் இருக்கும். அதற்குக் கீழே, வேறுபாடு தொடங்கும் முன் எழுதுவது எதுவும் வரலாற்றில் ஏறாது. முதல் பதிப்புக்கும் இரண்டாம் பதிப்புக்கும் என்ன மாறியது என்று பராமரிப்பாளருக்குச் சொல்ல வேண்டியதை அங்கேதான் எழுத வேண்டும். கோடுகளுக்கு மேலே எழுதிவிட்டால் "நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன் ஐயா" என்பது கெர்னல் வரலாற்றில் கல்வெட்டாகிவிடும். கெர்னலுக்கு அனுப்புவதில் "சைன்டு-ஆஃப்-பை" வரியும் கட்டாயம். இதை அனுப்பும் உரிமை எனக்கு உண்டு என்று அனுப்புபவர் தரும் உறுதிமொழி அது, 2004 முதல் வழக்கில் இருக்கிறது.

அஞ்சல் வழியில் பேட்ச் கெட்டுப்போவது பெரும்பாலும் அஞ்சல் செயலியால். நீண்ட வரியை எழுபத்துச் சொச்சம் எழுத்தில் மடக்கிவிடும், டேப்பை இடைவெளிகளாக்கும். அலுவலகச் சர்வர்களோ அடியில் "இந்த அஞ்சல் ரகசியமானது" என்று ஒரு பத்தியைச் சேர்க்கும். கெர்னலின் சி நிரலில் உள்தள்ளல் முழுக்க டேப் என்பதால், அது இடைவெளியானால் உள்தள்ளிய ஒரு வரிகூடப் பொருந்தாது. வரி மடங்கினால் துண்டின் தலையில் சொன்ன எண்ணிக்கையும் உள்ளே இருக்கும் வரிகளும் கணக்குக்கு ஒத்துவராது. "கரப்ட் பேட்ச்" என்று ஒரு வரி எண்ணோடு வரும் செய்திக்கு இதுவே வழக்கமான காரணம். பேட்ச்சைக் கையால் திருத்திவிட்டு எண்ணிக்கையை மாற்ற மறந்தாலும் இதேதான். முதலில் தனக்கே அனுப்பி, வந்ததைச் சேமித்து, சுத்தமான கிளையில் (மாற்றங்களின் தனி வரிசை) 'கிட் ஏஎம்' கொடுத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

தமிழில் மொழிபெயர்ப்புக் கோப்புகளைத் திருத்துவோருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலக் கையேடுகளில் இதைப் பார்ப்பது அரிது. "கொடி" என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 0பிசிஏ என்ற ஒரே குறியாக வைத்தால் மூன்று பைட். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே வைத்தால் ஆறு பைட். திரையில் இரண்டும் ஒன்றுதான், அச்சிலும் ஒன்றுதான். கிட் பைட்டை மட்டுமே பார்க்கிறது. அனுப்புபவரின் எடிட்டர் சேமிக்கும்போது கோப்பு முழுவதையும் ஒரு வடிவத்துக்கு மாற்றிவிட்டால், இரண்டு சொல் திருத்தியதற்கு நானூறு வரி மாறியதாகப் பேட்ச் வரும். அக்கம்பக்கத்து வரியில் அந்த வேறுபாடு விழுந்தால் "பேட்ச் டஸ் நாட் அப்ளை". இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்து எத்தனை முறை பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. 'எக்ஸ்எக்ஸ்டி' போன்ற பைட் காட்டும் கருவியில் பார்த்தால்தான் புலப்படும். 'யுகான்வ்' கருவிக்கு '-எக்ஸ் எனி-என்எஃப்சி' கொடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

ஔகாரக் குறிக்கு அந்த வைத்தியமும் பாதிதான் பலிக்கும். "கௌரவம்" என்பதில் கொம்புக்குப் பிறகு வர வேண்டிய குறிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டிவைப்பவர்கள் உண்டு. பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் யுனிகோடு கணக்கில் அது வேறு சொல். எந்த என்எஃப்சியும் அதைச் சரிசெய்யாது, தேடிப் பிடித்துக் கையால்தான் மாற்ற வேண்டும். வடிவத்தைச் சீராக்குவதைத் தனிப் பேட்ச்சாக முதலில் அனுப்பிவிட்டு, சொல் திருத்தத்தை இரண்டாவதாக அனுப்புவதே முறை. இரண்டையும் கலந்து அனுப்பினால் எது திருத்தம் என்று பராமரிப்பாளருக்கு எப்படித் தெரியும்? கோப்பின் பெயரே தமிழில் இருந்தால் கிட் அதை \340\256\205 என்பது போன்ற எண்களாகக் காட்டும். கோப்பு கெட்டுவிடவில்லை, அது "அ" என்ற எழுத்தின் மூன்று பைட்தான். 'கோர்.குவோட்பாத்' அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கினால் தமிழாகவே தெரியும்.

ஒட்டாதபோது பராமரிப்பாளருக்குக் கைகொடுப்பது 'கிட் ஏஎம் -3'. பேட்ச்சில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் 'இண்டெக்ஸ்' வரி இருக்கும். எந்தப் பதிப்பின் மேல் இந்த மாற்றம் எழுதப்பட்டது என்பதன் கைரேகை அது. பராமரிப்பாளரின் களஞ்சியத்தில் அந்தப் பதிப்பு இருந்தால், கிட் முதலில் அதன் மேல் ஒட்டி, பிறகு இன்றைய பதிப்போடு மூவழியாக இணைத்துப் பார்க்கும். இல்லாவிட்டால் தேவையான பிளாப் (கோப்பின் அந்தப் பதிப்பு) இல்லை என்று கைவிரித்துவிடும். தன் கணினியில் மட்டும் இருக்கும் அரைகுறைக் கமிட்டுகளின் மேல் பேட்ச் எழுதி அனுப்புவோருக்கு நேர்வது இதுதான். வெளியான கிளையின் நுனிக்கு ரீபேஸ் செய்து (தன் கமிட்டுகளை அதன் மேல் மாற்றி அடுக்கி), 'ஃபார்மட்-பேட்ச்' கொடுக்கும்போது '--பேஸ்=ஆட்டோ' சேர்த்தால், எந்தக் கமிட்டின் மேல் நிற்கிறது என்பது கடிதத்தின் அடியிலேயே பதிவாகும்.

மோதல் வந்து 'ஏஎம்' பாதியில் நின்றால், கோப்பைச் சரிசெய்து, 'கிட் ஆட்' கொடுத்து, 'கிட் ஏஎம் --கண்டின்யூ' என்று தொடர வேண்டும். பழக்கதோஷத்தில் 'கிட் கமிட்' அடித்துவிட்டால் எழுதியவர் பெயர் போய் ஒட்டியவர் பெயர் ஆசிரியராக ஏறிவிடும். கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் எழுதியவர், ஏற்றியவர் என்று இரண்டு பெயர் தனித்தனியே இருப்பது பிறர் உழைப்பு தன் பெயரில் விழாமல் இருக்கத்தான். குழம்பிவிட்டால் '--அபார்ட்', தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடலாம்.

கிட்ஹப் போன்ற தளங்களில் இத்தனையும் ஒரு பச்சைப் பொத்தானுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அந்தப் பொத்தானும் மூன்று வகை: மெர்ஜ், ஸ்குவாஷ், ரீபேஸ். ஸ்குவாஷ் ஏழு கமிட்டை ஒன்றாக நசுக்கிவிடும். கமிட்டின் அடையாள எண்ணான ஹாஷ் புதியது என்பதால், கிளையை அழிக்கப் போகும்போது இன்னும் இணைக்கப்படவில்லை என்று உள்ளூர்க் கிட் எச்சரிக்கும். பயப்பட ஒன்றுமில்லை. அந்தக் கிளையின் மேல் அடுத்த வேலையைத் தொடங்குவதுதான் தவறு, செய்த மாற்றங்களே மறுபடி மோதலாக வந்து நிற்கும்.

ஒட்டும் உரிமை எத்தனை மதிப்புள்ளது என்பதற்கு 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரமே சாட்சி. அந்தச் சுருக்கக் கருவியில் பின்கதவு வைத்தவர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்லவராகப் பேட்ச் அனுப்பி, பராமரிப்பாளர் என்ற இடத்தையும் பிடித்திருந்தார். அவர் ஏற்றிய ஒரு கமிட்டில், கூட்டல் குறிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு முற்றுப்புள்ளி மட்டும் இருந்தது. லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி கணினியில் இருக்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை நிரலுக்குள் விழுந்த புள்ளி அது. சோதனை நிரல் தொகுக்க முடியாமல் தோற்கும், வசதி இல்லை என்று முடிவாகும், பாதுகாப்பு சத்தமில்லாமல் அணைந்துவிடும். பின்கதவின் நிரல் களஞ்சியத்தில் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது, அதை உயிர்ப்பிக்கும் பகுதி வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் இருந்தது. அதனால் கமிட்டுகளை மட்டும் படித்தவர்களுக்கு அது தட்டுப்பட்டிருக்காது. புள்ளியோ பேட்ச்சிலேயே பளிச்சென்று இருந்தது.

கடைசியாக, அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு. கெர்னலில் ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் வரும் இரண்டு வார மெர்ஜ் விண்டோவில் (அடுத்த பதிப்புக்கான மாற்றங்களை ஏற்கும் காலம்) நினைவூட்டல் அனுப்பினால் எரிச்சல்தான் மிஞ்சும். பேட்ச் ஏறிவிட்டதா என்று ஹாஷை வைத்துத் தேடினால் கிடைக்காது, ஒட்டும்போது அது மாறிவிடும். மூலக் கிளையைப் புதுப்பித்துக்கொண்டு 'கிட் செர்ரி' கொடுங்கள். உங்கள் கமிட்டுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் ஏறிவிட்டது. கூட்டல் குறி வந்தால் இன்னும் ஏறவில்லை, அல்லது பராமரிப்பாளர் ஓரிரு வரி திருத்தி ஏற்றியிருக்கிறார். அப்போது தலைப்பை வைத்துத் தேட வேண்டியதுதான்.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் பங்களிப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்