‘சும்மா’ என்று எழுதினால் புத்தகம் கிடையாதா?

மதிப்புக்குரிய நூலக நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற வாரம் நான் கொடுத்த நூல் கோரிக்கைப் படிவம் சிவப்பு மை வட்டத்தோடு திரும்பி வந்தது. ‘வாசிப்பின் நோக்கம்’ என்ற கட்டத்தில் ‘சும்மா’ என்று எழுதியிருந்தேன். அது செல்லாதாம். கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஆராய்ச்சின்னு போட்டுருங்க சார், யார் பார்க்கப் போறாங்க” என்றார். பொய் சொல்லிப் புத்தகம் வாங்க மனம் வரவில்லை. வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.

பின்னணியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டடத்தைப் புதுப்பித்ததும், பொது நூல்களை மாடி அறைக்கு ஏற்றியதும், அந்த அறைக்குப் பூட்டுப் போட்டதும், தலைப்பையும் நோக்கத்தையும் எழுதிக் கொடுத்தால் எடுத்து வந்து தருவோம் என்றதும் நீங்கள் கூடி எடுத்த முடிவுகள். புத்தகங்கள் தொலைகின்றன, இடம் மாறிக் கிடக்கின்றன என்ற உங்கள் சங்கடம் புரிகிறது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கீழ்த்தளத்தைக் கொடுத்ததிலும் எனக்கு வருத்தமில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: மாடி அறையைத் திறந்துவிடுங்கள், அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

என் கதையை விடுங்கள். நாள் தவறாமல் வரும் ஒரு பெரியவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். துப்பறியும் கதைகள்தான் அவர் உலகம். ஆனால் தலைப்பு நினைவில் நிற்காது. அதற்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். படித்து முடித்த புத்தகத்தில் 25ஆம் பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி. அடுக்கின் முன் நின்று ஒவ்வொன்றாக எடுத்து, 25ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, புள்ளி இல்லாத ஒன்று கிடைத்தால் அவர் முகத்தில் வரும் மலர்ச்சியைப் பார்க்க வேண்டும். (இதைப் படித்துவிட்டு அவருக்கு அபராதம் போட்டுவிடாதீர்கள்.) இப்போது அவர் கவுண்டரில் நிற்கிறார். “தலைப்பு சொல்லுங்க ஐயா” என்கிறார்கள். அவருக்குத் தெரிந்த தலைப்புகள் எல்லாம் ஏற்கெனவே படித்தவை. போன மாதம் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். 25ஆம் பக்கத்தில் புள்ளி இருந்தது. இன்னொன்று கேட்க மறுபடி படிவம். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அன்றைய செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். காலையிலேயே அவர் படித்துவிட்ட செய்தித்தாள் அது.

தலைப்பு தெரிந்தால்தான் புத்தகம் என்பது, முகவரி தெரிந்தவர்கள் மட்டுமே தெருவில் நடக்கலாம் என்பதைப் போல இருக்கிறது. எனக்கு வாய்த்த நல்ல புத்தகங்களில் பாதி, தேடிப் போகாமல் கைக்கு வந்தவை. ஒரு முறை வீட்டு மின் இணைப்பு பற்றிய கையேட்டைத் தேடி வந்தேன். திரும்பி வந்த நூல்களை மேசையில் குவித்திருந்தார்கள். மேலே கிடந்தது மேகங்களைப் பற்றிய ஒரு மெல்லிய புத்தகம். நின்றபடியே நாலு பக்கம் படித்தேன். லூக் ஹோவர்ட் என்பவர் மருந்து தயாரிக்கும் தொழில் செய்தவராம். 1802இல் தம் நண்பர்கள் கூடும் ஒரு சங்கத்தில் மேகங்களுக்குப் பெயர் வைத்துக் கட்டுரை வாசித்திருக்கிறார். லத்தீனில் தலைமுடிச் சுருள், குவியல், விரிப்பு என்று பொருள்படும் பெயர்கள். நம் பாடநூல்களில் கீற்று, திரள், படை என்று வருபவை அவைதான். அன்றாடம் மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றைப் பிடித்து நிறுத்தி ஒருவர் பெயர் வைத்திருக்கிறார் என்பதே எனக்குத் தித்திப்பாக இருந்தது.

அதன் பிறகு பேருந்து தாமதமானால் எனக்குக் கோபம் வருவதில்லை. அண்ணாந்து பார்க்கிறேன். மேலே மெல்லிய கீற்று, அது பனித்துகள். கீழே பஞ்சுப் பொதி, அது நீர்த்துளி. புதுமழையின் மண்வாசனைக்குக் காரணம் மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்று இன்னொரு புத்தகத்தில் படித்த நாளிலிருந்து மழைக்கு ஒதுங்கி நிற்பதும் அலுப்பதில்லை. இதற்கெல்லாம் உங்கள் கட்டத்தில் நான் என்ன நோக்கம் எழுதுவது? ‘பேருந்துக்குக் காத்திருக்க’ என்றா?

உங்கள் அலுவலக அறையில் எஸ். ஆர். ரங்கநாதன் படம் மாட்டியிருக்கிறீர்கள். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931இல் அவர் வகுத்துக் கொடுத்த ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகர்கள் தாமே அடுக்குகளுக்கு இடையே நடந்து எடுக்கும் திறந்த முறைக்காக வாதாடியவர் அவர். வாசகரிடம் ‘எதற்கு?’ என்று கேட்கச் சொல்லும் விதி எதுவும் அந்த ஐந்தில் இல்லை. அறையைப் பூட்டிவிட்டு அவர் படத்துக்கு மாலை போடுவது, குறைந்தபட்சம் படத்தையாவது சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த பிறகு செய்யலாம்.

மன்னிக்கவும், வார்த்தை கொஞ்சம் மீறிவிட்டது. ஆனால் இது உங்கள் படிவத்தோடு நிற்கும் வியாதி இல்லை. நடந்தால் எத்தனை அடி என்று எண்ணுகிறோம். தூங்கினால் எத்தனை மணி நேரம் என்று பார்க்கிறோம். வருஷத்துக்கு எத்தனை புத்தகம் முடித்தோம் என்று பட்டியல் போடுகிறோம். வாசல் சுவரொட்டியில் ‘வாசிப்பு நினைவாற்றலைப் பெருக்கும், பதவியைத் தரும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். லேகியம் விற்பவர்கூட இவ்வளவு சொல்ல மாட்டார். வாசித்தால் சந்தோஷமாக இருக்கும் என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

பலன்தான் வேண்டும் என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. மைக்கேல் ஃபாரடே 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களை விடாமல் வாசித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய பகுதியும் அப்படிக் கண்ணில் பட்டதுதான். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர் அவர். உங்கள் படிவம் அந்தப் பையன் கையில் கிடைத்திருந்தால் நோக்கம் என்று என்ன எழுதியிருப்பான்? ‘அட்டை ஒட்ட’ என்றுதான்.

பாருங்கள், நானும் பலனைக் காட்டி வாதாடத் தொடங்கிவிட்டேன். உங்கள் கட்டம் என்னையும் பிடித்துக்கொண்டது. ஃபாரடேயைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தப் பெரியவர் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை, கதையில் கொலைகாரனைத் தவிர. அவருக்காகவும் அந்த அறை திறந்திருக்க வேண்டும்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். மாடி அறையைத் திறந்துவிடுங்கள், நோக்கக் கட்டத்தை நீக்கிவிடுங்கள். முழு நாளும் திறக்க ஆள் இல்லை என்றால் மாலையில் இரண்டு மணி நேரமாவது திறக்கலாம். நூல்கள் இடம் மாறிவிடும் என்பதுதான் கவலை என்றால், வாரத்தில் இரண்டு மாலை நான் வந்து எண் பார்த்து அடுக்கித் தருகிறேன். சம்பளம் வேண்டாம். நடுவே நாலு பக்கம் புரட்டினால் கண்டுகொள்ளாமல் இருங்கள், போதும்.

திரும்பி வந்த படிவத்தை இத்துடன் மீண்டும் இணைத்திருக்கிறேன். தலைப்பு, உறுப்பினர் எண், தேதி எல்லாம் சரியாக இருக்கின்றன. அந்தக் கட்டத்தில் மட்டும் ‘சும்மா’ என்பதை அடிக்கவில்லை. மை மங்கியிருந்ததால் மேலே இன்னொரு முறை அழுத்தி எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
உங்கள் நூலகத்தின் பழைய உறுப்பினர்