641ஐ மறந்த தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பேரனின் டியூசன் தாளில் 4,294,967,297 ஒரு முதன்மை எண் என்று அச்சிட்டிருக்கிறார்கள். (தமிழ்நாட்டில் இதைப் பகா எண் என்பார்கள்.) தவறு. ஆனால் கணித மேதை பெர்மாவே வழுக்கிய இடம் இது. 2ஐ 1, 2, 4, 8, 16 தடவை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537. ஐந்தும் முதன்மை எண்கள். 32 தடவைக்கு வரும் இந்த எண்ணும் அப்படித்தான் என்று அவர் நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற கணிதவியலாளர் அதை 641ஆல் மீதியின்றி வகுத்துக் காட்டினார்.

கணினி தேவையில்லை. இந்த எண்ணின் எந்தக் காரணியும் 64இன் மடங்கோடு ஒன்று கூடியதாகத்தான் இருக்கும். அதையும் நிறுவியவர் ஆய்லரே. அப்படிப்பட்ட முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே பிடிபட்டுவிடும்!

நேற்று மழையில் கரண்ட் போன நேரம், மெழுகுதிரி வெளிச்சத்தில் தண்ணீர் பில்லின் பின்புறம் பேரனை வகுக்க வைத்தேன். 193இலேயே கொட்டாவி விட்டான். 641இல் மீதி பூச்சியம், ஈவு 6,700,417 என்று வந்ததும் துள்ளினான். தாளைத் திருத்தச் சொல்லி டியூசன் சேரிடம் கேட்கப் போகிறானாம். அந்தத் தாளை வைத்திருக்கும் மற்றப் பிள்ளைகளும் ஒருமுறை வகுத்துப் பார்க்கட்டும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.