காவலரின் அறமும் கோப்பில் எழுதாத வரியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடத்தப்பட்ட குழந்தையைக் காப்பாற்றப் பிடிபட்டவனை அடிக்கலாமா என்று சென்ற இதழ்க் கட்டுரை கேட்டிருந்தது. இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 2002-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில், இப்படிப் பிடிபட்டவனிடம் கடும் வலி கொடுப்போம் என்று மிரட்டச் சொன்னார் அந்நகரக் காவல்துறைத் துணைத் தலைவர். சுமார் பத்து நிமிட மிரட்டலில் அவன் இடத்தைச் சொல்லிவிட்டான். அங்கே கிடைத்தது சிறுவனின் உடல். 2004-இல் துணைத் தலைவரையும் மிரட்டிய அதிகாரியையும் குற்றவாளிகள் என்ற நீதிமன்றம், அபராதத்தைக்கூட நிறுத்திவைத்தது. அந்தத் தண்டனை போதாது என்றது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 2010-இல்.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. தான் இட்ட உத்தரவை அந்தத் துணைத் தலைவரே கோப்பில் எழுதிவைத்தார். செய்தது தவறுதான், ஆனால் மறைக்கவில்லை. அன்றாடக் காவல் பணியில் அறம் வழுக்குவது பெரும்பாலும் அந்த எழுதும் இடத்தில்தான்.

விசாரணையை எடுத்துக்கொள்வோம். "கத்தியை எங்கே போட்டாய், கிணற்றிலா?" என்று அதிகாரி கேட்ட நொடியே கிணறு எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. தூக்கமின்றிப் பல மணி நேரம் உட்கார்ந்தவர் கடைசியில் அதையே திருப்பிச் சொல்வார். 'குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்த தகவல்' என்று அது வாக்குமூலத்தில் ஏறும். அதிகாரி பொய் சொல்லவில்லை, தான் கேட்ட கேள்வியை எழுதவில்லை, அவ்வளவுதான். இதற்கு மருந்து: முதல் நிமிடத்திலிருந்தே ஒலி, ஒளிப் பதிவு, வெளியே சொல்லாத இரண்டு மூன்று விவரங்களை விசாரணைக்கு முன்பே கோப்பில் குறித்துவைப்பது, வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டால் அதையும் எழுதுவது. இங்கிலாந்தும் வேல்ஸும் 1990களின் தொடக்கத்தில், ஒப்புக்கொள்ள வைப்பதை விட்டுத் தகவல் திரட்டுவதை நோக்கமாகக் கொண்ட விசாரணை முறைக்கு மாறின. தவறான தண்டனைகள் அம்பலமானதே காரணம்.

சந்தேக நபரை மற்றவர்களோடு வரிசையில் நிறுத்திச் சாட்சியைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பிலும் இதே கதைதான். சந்தேக நபர் யார் என்று தெரிந்த அதிகாரி அதை நடத்தக் கூடாது. "இன்னொரு தடவை நல்லாப் பாருங்க" என்ற ஒரு வார்த்தை போதும், சாட்சி விரலை மாற்றிவிடுவார். குற்றவாளி வரிசையில் இல்லாமலும் போகலாம் என்று முன்பே சொல்ல வேண்டும். காட்டியவுடன் எவ்வளவு உறுதி என்பதைச் சாட்சியின் சொற்களிலேயே எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் எல்லோருமே உறுதியாகத்தான் சொல்வார்கள்.

மிகக் கடினமானது விலங்கிடப்பட்ட ஒருவரைச் சக காவலர் அடித்ததைப் பார்த்த காவலரின் நிலை. அடுத்த பணியில் தன் முதுகைக் காக்கப்போகிறவர் அந்த அடித்தவர்தான். நல்லொழுக்க வகுப்பு இங்கே உதவாது. பார்த்தவர்கள் பேசிக்கொள்ளும் முன், கேமராப் பதிவைப் பார்க்கும் முன், தனித்தனியாக அறிக்கை எழுத வேண்டும். இரண்டு அறிக்கைகளில் ஒரே வாக்கியம் இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் வாசித்துக் காட்டுவார். அவர்கள் சாட்சி சொன்ன பழைய வழக்குகளும் ஆட்டம் காணும். புகாரை நேரடி மேலதிகாரியிடம் மட்டுமே தரலாம் என்ற விதி இருந்தால், அவரே அடித்த அன்று யாரும் எழுத மாட்டார்கள். அந்தச் சங்கிலிக்கு வெளியே ஒரு வழி வேண்டும்.

சாட்சி முதலில் வேறொருவரைக் காட்டியிருந்தால், அந்த வரியும் அரசு வழக்கறிஞர் கைக்குப் போக வேண்டும். எதிர்த்தரப்புக்குச் சாதகமான சான்றை மறைத்தல் நியாயமான விசாரணைக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இலேயே தீர்ப்பளித்தது. ஆனால் காவலர் எழுதாததை எந்த வழக்கறிஞரும் ஒப்படைக்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்